பால் திரிந்த வீடு

எவர்சில்வர் பாத்திரத்துக்குள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா பாக்கியம். பால் பொங்கியதும் குலவை போடுவதற்காக வாயருகே கையைக் கொண்டுபோன பாக்கியம் மதினி, அப்படியே கையை இறக்கினார்.

பால் பொங்கவில்லை. திட்டுத் திட்டாக வெள்ளையும், நடுவில் பச்சை ஓடிய தண்ணீருமாகப் பிரிந்து கொதித்துக்கொண்டிருந்தது.

புது வாடகை வீட்டின் மாடி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு வாசனை. மூலையில் சாமி படம், அதற்கு மதினி நிலக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த மல்லிகைச் சரம். என் மகள் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"திரிஞ்சு போச்சு" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், எல்லாருக்கும்தான் கண் இருந்தது.

மதினி அடுப்பை அணைத்தார். "இந்த வீடு வேணாம்லே" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். "பாலே ஒத்துக்கல. மனுசங்க எப்பிடிக் குடியிருக்க?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கட்டில், பீரோ, கிரைண்டர், என் தையல் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு டெம்போ புறப்பட்டிருக்கும். சாமானை விடியுமுன்பே வாசலில் இறக்கிவிட்டு, பழைய வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டோம். அங்கே வெள்ளையடிக்க அன்றைக்கே ஆள் வருகிறது. திரும்பிப் போக எங்களுக்கு வீடு இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம், ஆடி பிறக்க நான்கைந்து நாள்தான் இருந்தது.

ஆனி முடிவதற்குள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் திண்டுக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு மருந்துக் கடையில் வேலை. நாங்கள் அதுவரை இருந்த வீட்டின் உரிமையாளர் நல்ல மனிதர். மகனுக்கு ஆவணியில் கல்யாணம், மருமகள் வந்தால் தங்க இடம் வேண்டும் என்று தன்மையாகத்தான் கேட்டார். தன்மையாகக் கேட்டால் சண்டை போடவும் வழியில்லை.

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். வீடு கொடுக்கிறவர்களும் கொடுக்க மாட்டார்கள். மார்கழிக்கும் அதே கதைதான். ஆகவே ஆனி மாதம் வந்துவிட்டால் ஊரில் பாதிப் பேர் வீடு தேடி அலைவார்கள், மீதிப் பாதி அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கேள்விகளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும். எத்தனை பேர்? ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா? சுவரில் ஆணி அடிப்பீர்களா? அம்மியில் அரைப்பீர்களா, மிக்சியா? இதெல்லாம் முடிந்தபிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "நீங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். ஊரைச் சொன்னால் போதாது. எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று போய், சாதியில் வந்து நின்றபிறகுதான் மூச்சு விடுவார்கள்.

ஓர் அம்மாள் இத்தனையும் கேட்டுவிட்டு, என் மகளைப் பார்த்து, "பிள்ளை அழுகுமா?" என்றார். "அடிச்சா அழுகும்" என்றேன். அந்த வீடு கிடைக்கவில்லை.

எங்களுக்கு வீடு காட்டியவர் அருளப்பன் என்ற தரகர். சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். எந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில் இருந்தது.

"தண்ணி எப்பிடிண்ணே?"

"தண்ணிக்கு என்னம்மா, இருக்கு."

இருக்கும். எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி.

தீப்பெட்டிக்குள் சோப்பு

அந்த நாளில் திண்டுக்கல்லில் வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜன்னலைப் பார்க்க மாட்டார்கள், குழாயைத்தான் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர் என்று நாங்கள் சொல்வது, எங்கிருந்தோ குழாயில் வந்து தெருவுக்குள் எட்டிப் பார்க்கிற குடிதண்ணீர். அது வருகிற நாள் எங்களுக்குத் திருநாள் மாதிரி. பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் தெரு முழுக்க வரிசை கட்டி நிற்கும். அடுத்து என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குடத்தில், அண்டாவில், கடைசியில் சொம்பில்கூடப் பிடித்து மூடி வைப்போம்.

மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர். கிணறு வற்றிய வீடுகளில் போர் போட்டார்கள். ஆழம் போகப் போக உப்பும் கூடியது. அதில் பருப்பு வேகாது, தலை சிக்குப் பிடிக்கும், துணி காய்ந்தால் அட்டை மாதிரி நிற்கும். திண்டுக்கல் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் யோசித்த காலம் அது. என்னைக் கட்டிக்கொடுக்கும்போது என் அப்பாவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

உப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு தெருவில் வாயில் வைக்க முடியாது, அடுத்த தெருவில் சமாளிக்கலாம். அதைக் கண்டுபிடிக்க என் வீட்டுக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். தேய்ந்துபோன குளியல் சோப்பில் ஒரு துண்டைக் காலித் தீப்பெட்டிக்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வீடு பார்க்கப் போன இடத்தில், "செத்த கை கழுவிக்கிறேன்" என்பார். நுரை வந்தால் வீடு பாஸ். வராவிட்டால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார், நானும் செருப்பை மாட்டிக்கொள்வேன்.

எத்தனையோ வீடுகள் அந்தச் சோப்பில் ஃபெயில் ஆயின. அருளப்பன் ஒரு நாள் வெறுத்துப்போய், "தம்பி வீடு பாக்க வாரியளா, குளிக்க வாரியளா?" என்றே கேட்டுவிட்டார்.

கையில் ஊற்றிய தண்ணீர்

பேகம்பூர்ப் பக்கத்து மாடி வீட்டுக்கு நாங்கள் போன நேரம் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி காலி. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

வீட்டுக்கார அம்மாவின் பெயர் மைமூன். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை முந்தானையைத் தலையில் இழுத்து விட்டிருந்தார். கணவர் தோல் வியாபாரம் செய்து இறந்துபோனவர். ஒரே மகன் துபாயில். கீழ் வீட்டில் தனியாக இருந்தார்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கை கழுவ வேண்டும் என்றதும், மைமூன் அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து, தாமே அவர் கையில் ஊற்றினார். என் வீட்டுக்காரர் திரும்பி நின்று தீப்பெட்டியை எடுத்தார். நுரை வந்தது பாருங்கள், முழங்கை வரைக்கும்! அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

மைமூன் அம்மா எங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, ஆணியைப் பற்றிக் கேட்கவில்லை. என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "பேரு என்ன?" என்றார், அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு எங்க வீட்டுல எதுவும் சங்கடம்னா முன்னாடியே சொல்லிருங்கம்மா" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. "என்ன சங்கடம்? ஒண்ணுமில்ல" என்றேன்.

இவ்வளவு நல்ல தண்ணீர், இவ்வளவு நல்ல மனுஷி, வாடகையும் எங்களுக்கு ஏற்றது. இந்த வீடு ஏன் காலியாகவே கிடந்தது என்று எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீடு கிடைத்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

சொல்லிவிட்டுப் போவது

திரிந்த பாலுக்கு வருகிறேன்.

பால் காய்ச்சுவதில் இந்தப் பக்கத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. குடிபோகிற வீட்டின் தண்ணீரைத்தான் முதலில் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும், அதன் மேல் பாலை ஊற்ற வேண்டும். அந்த வீட்டுத் தண்ணீரும் நம் பாலும் ஒன்றாகப் பொங்கினால் அந்த வீடு நம்மை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய மதினிதான் மாடிக் குழாயில் குடம் பிடித்தார். அவருக்கு எதிலும் தாராளக் கை. தண்ணீரையும் தாராளமாகவே ஊற்றினார்.

இப்போது அவர் மல்லிகைச் சரத்தைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் அழாமல் இருக்கப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வீடு தேட நாளில்லை. ஆடி முழுக்க வத்தலக்குண்டில் மதினி வீட்டில் தங்கி, அங்கிருந்து தினம் பஸ்ஸில் வேலைக்கு வர வேண்டும். காலை வகுப்புக்கு நேரத்தில் வந்து சேர முடியாது, அந்த ஒரு மாதத்தில் இன்ஸ்டிடியூட்டில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று என் வீட்டுக்காரர் படியில் இறங்கினார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

மைமூன் அம்மா வாசலில் நின்றிருந்தார். நாங்கள் பால் காய்ச்சப் போவது தெரிந்து, மாடிப் பக்கமே வராமல் கீழே இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"அது வந்தும்மா... கடையில திடீர்னு மதுரை பிராஞ்சுக்குப் போகச் சொல்றாங்க..." என்று இவர் ஆரம்பித்தார். அவர் வேலை பார்த்த கடைக்கு மதுரையில் பிராஞ்சே கிடையாது.

மைமூன் அம்மா தலையை ஆட்டினார். ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்பது போல இருந்தது அது.

பாக்கியம் மதினிக்குப் பொய் ஆகாது. பொய் மட்டுமல்ல, நாசூக்கும் அவருக்கு ஆகாது. "என்னலே மதுரை, கிதுரைன்னுட்டு" என்று தம்பியை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "இந்தாங்க பாயம்மா, உள்ளதச் சொல்லிர்றேன். பால் காய்ச்சினோம், திரிஞ்சு போச்சு. எங்களுக்கு அது ஆகாது. அதான் போறோம். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு விதவை அம்மாவிடம், அவர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, உன் வீடு ராசியில்லை என்று சொல்வதா!

மைமூன் அம்மா கோபப்படவில்லை. படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பாலு திரிஞ்சு போச்சா?" என்றார். "அதனாலயா போறீங்க?"

"ஆமா. வேற எதுக்கு?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் வந்துச்சும்மா. உங்கள மாதிரிதான், காலைல மாடிக்குப் போனாங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இறங்குனாங்க. ஒருத்தங்க ட்ரான்ஸ்பர்ன்னாங்க. இன்னொருத்தங்க மாமியாருக்கு மேலுக்கு முடியலன்னாங்க. ரெண்டு பேரையும் அப்புறம் இதே ஊரு கடைவீதியில பாத்தேன்."

கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"நான் பாய் வீட்டுக்காரின்னுதான் போறாங்கன்னு நெனச்சேன். வீடு பாக்க ஆள் வாராங்கன்னா அன்னைக்குக் கறி ஆக்க மாட்டேன், கருவாடு பொரிக்க மாட்டேன். நீங்க சாமி கும்பிடற நேரத்துல எதுக்க நின்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு கீழயே நின்னுக்கிருவேன். அப்பயும் போறாங்களேன்னு... அல்லா, பாலுக்காகவா போனாங்க!"

மதினி, "அதச் சொல்லிட்டுப் போறதுக்கென்ன அவுகளுக்கு?" என்று அந்த முகம் தெரியாத இரண்டு குடும்பங்களைத் திட்டினார்.

இரண்டாவது பால்

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பாத்திரத்தையாவது கழுவி வைக்கலாம் என்று மாடிக்கு வந்தேன். தேய்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் டெம்போவில். என் வீட்டுக்காரரின் சட்டை கதவில் தொங்கியது. பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, சோப்புத் துண்டைக் கையில் வைத்துத் தேய்த்தேன்.

நுரை வரவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்தேன். கையில் வெள்ளைப் பிசுக்குதான் ஒட்டியது. குழாயில் வாயை வைத்து ஒரு மடக்குக் குடித்து, உடனே துப்பினேன்.

உப்புத் தண்ணீரில் பால் திரியும் என்பது திண்டுக்கல்லில் டீக்கடை நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முழங்கை வரைக்கும் நுரை வந்த வீடு என்று நம்பியதால் எங்கள் யாருக்கும் அந்த ஞாபகமே வரவில்லை.

ஈரக் கையில் தீப்பெட்டியோடு கீழே ஓடினேன். "மாடியில வாரது போர்த் தண்ணியாம்மா?"

"போர்த் தண்ணிதான். கெணறு வத்துனதுல இருந்து அதான். இந்த ஊருல இத வேற சொல்லணுமாம்மா?"

"அன்னைக்கு இவரு கையில ஊத்துனது?"

"அது நல்ல தண்ணி." மைமூன் அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வீட்டுக்கு வந்தவங்க கையில உப்புத் தண்ணியவா ஊத்துவாங்க?"

என் வீட்டுக்காரர் தீப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதன்பிறகு அவர் எந்த வீட்டிலும் கை கழுவக் கேட்டதில்லை.

மதினியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த வீட்டுத் தண்ணீரில்தான் காய்ச்ச வேண்டும், அந்தத் தண்ணீரில் பால் திரியத்தான் செய்யும் என்றால் என்ன செய்வது? நான், "மதினி, கீழ இருக்க குடமும் இந்த வீட்டுத் தண்ணிதான?" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். "வாசப்படி ஒண்ணுதான்" என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு மைமூன் அம்மாவிடம், "நல்ல தண்ணி இருக்கா?" என்றார்.

"ஒரு கொடம் இருக்கு."

"அத எடுத்துட்டா குடிக்க என்ன பண்ணுவீக?"

"பக்கத்துல வாங்கிக்கிறேன். இல்லாட்டி நாளைக்கு வரும்."

நாளைக்கு வராது என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் ஒருவர் கடைசிக் குடத்தைத் தூக்கிக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறி, கதவுக்கு வெளியே குடத்தை இறக்கிவிட்டு, வழக்கம்போலக் கீழே போய்விட்டார். மதினி ஒரு சொம்பு மட்டும் மொண்டுகொண்டு, மீதியைச் சிந்தாமல் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்தார். இந்த முறை பால் நிதானமாக விளிம்பு வரை ஏறி வந்து, அடுப்பின் மேலெல்லாம் வழிந்தது. மதினி போட்ட குலவையில் என் மகள் எழுந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. டெம்போக்காரர் கீழே ஹாரன் அடித்தார்.

அன்று மதியம், சாமான்களை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தபோது கீழிருந்து கறிக் குழம்பு வாசனை ஏறி வந்தது. "வெள்ளிக்கிழமை அதுவுமா..." என்று மதினி முணுமுணுத்தார். ஆனால் ஜன்னலைச் சாத்தவில்லை.

பேகம்பூர்த் தண்ணீர்

அந்த மாடியில் நாங்கள் பல வருஷம் இருந்தோம். பருப்புக்கும் பாலுக்கும் நல்ல தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போர் என்று பழகிக்கொண்டோம். என் மகள் பாதி நாள் கீழ் வீட்டில்தான் சாப்பிட்டாள். நாங்கள் சாமி கும்பிடுகிற நேரத்தில் மட்டும் மைமூன் அம்மா எப்போதும் போலக் கீழே ஒதுங்கிக்கொள்வார். எவ்வளவு சொல்லியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பைபாஸ் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினோம். பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலையிலேயே பாக்கியம் மதினி வந்துவிட்டார். அடுப்பு, பாத்திரம், பால் எல்லாம் தயார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மதினி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நேரம் போகுதுக்கா" என்றார் இவர். "கேன் தண்ணி வாங்கி வச்சிருக்கேன். திரியாது."

மதினி அந்தக் கேனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பேகம்பூர்த் தண்ணி வரட்டும்" என்றார்.

"நம்ம வழக்கப்படி இந்த வீட்டுத் தண்ணியிலதான..." என்று நான் மெதுவாக இழுத்தேன்.

"வழக்கம் எனக்குத் தெரியும். நீ சும்மா இரு" என்றார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மைமூன் அம்மா, மடியில் வைத்திருந்த குடத்தைத் தட்டால் மூடிப் பிடித்தபடி இறங்கினார். குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய ஞாபகத்தில், கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"பாயம்மா, அங்க என்ன வேலை? உள்ள வாங்க. நீங்க ஊத்துனாத்தான் அடுப்பப் பத்தவைப்பேன்."

மைமூன் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையிலிருந்த குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்குள் நடந்தார்.